பாக்டீரியா போர்த்தியிருக்கும் சர்க்கரை: அதன் அமைப்பைக் கண்டறிவது எப்படி?

பினாங்கு மின்டனிலோ கோலாலம்பூர் லெம்பா பந்தாயிலோ முதுகலை ஆய்வில் சேர்ந்த முதல் வாரமே, "இந்தக் கிருமியின் ஓ-ஆன்டிஜென் அமைப்பைக் கண்டுபிடி" என்று ஒரு குழாயைக் கையில் வாங்கியவருக்கு இந்தக் கட்டுரை. பலரும் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவிதான் விடை சொல்லும் என்று அதற்கு நேரம் பதிவு செய்வதில் தொடங்குகிறார்கள். உண்மையில் இந்த வேலை பெரும்பாலும் கெடுவது மாதிரி அந்தக் கருவிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால்தான். அதனால் இங்கே பாதி இடம் பிரித்தெடுப்புக்கே போகிறது.

எதைத் தேடுகிறோம்?

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஊன்றி நிற்பது லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்.பி.எஸ். சவ்வுக்குள் புதைந்திருக்கும் கொழுப்புப் பகுதி லிப்பிட்-ஏ. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு சர்க்கரைகள் கொண்ட கோர். கோரிலிருந்து வெளியே நீளும் சங்கிலி ஓ-பாலிசாக்கரைடு; ஓ-ஆன்டிஜென் என்பதும் இதுவே. ஈ. கோலை ஒன்றிலேயே 180க்கும் மேற்பட்ட ஓ-வகைகள் உண்டு. வகைக்கு வகை மாறுவது இந்தச் சங்கிலிதான்.

நல்ல வேளையாக, முழுச் சங்கிலியையும் படிக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா பூக்கடையில் தொங்கும் மாலையில் இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு மரிக்கொழுந்து என்று ஒரே கட்டு திரும்பத் திரும்ப வருவதுபோல, இங்கும் இரண்டு முதல் ஏழெட்டுச் சர்க்கரைகள் கொண்ட ஓர் அலகே திரும்ப வருகிறது. அந்த ஓர் அலகைப் பற்றித் தெரிய வேண்டியவை இவை: என்னென்ன சர்க்கரை, ஒவ்வொன்றும் டி-யா எல்-லா (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள்), வளையம் ஆறு அணுவா ஐந்து அணுவா, பிணைப்பு ஆல்ஃபாவா பீட்டாவா (வளையத்திலிருந்து அது நீளும் திசை), எந்தக் கார்பனில் பிணைந்திருக்கிறது, வரிசை என்ன, சர்க்கரை அல்லாத ஒட்டுகள் (அசிட்டைல், பாஸ்பேட், அமினோ அமிலம் போன்றவை) எங்கே இருக்கின்றன. எந்த ஒரு சோதனையும் இவை எல்லாவற்றுக்கும் பதில் தராது. ஒவ்வொரு சோதனையும் ஏதோ ஓரிடத்தில் பொய்யும் சொல்லும். எங்கே பொய் சொல்லும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலைக் கற்பது.

எந்தக் கிருமியில் கைபழகுவது?

மலேசியாவில் இந்தத் துறைக்கு வருபவர்கள் பலருக்கு மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மேல் கண் இருக்கும். அது நியாயமே. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் சேர்ந்து விவரித்த அந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தோடு தொடர்புடைய ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். ஆனால் அதன் கிருமியான பர்கோல்டேரியா சூடோமாலியைத் திரளாக வளர்க்க உயிர்ப்பாதுகாப்பு மூன்றாம் நிலை ஆய்வகம் வேண்டும். புதியவர் அதில் கை வைக்கக் கூடாது. அதன் நெருங்கிய உறவினமான, மனிதருக்குப் பெரிதும் தீங்கற்ற பர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸில் கற்றுக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால், கடையில் கிடைக்கும் ஈ. கோலை எல்.பி.எஸ். 20 மி.கி. வாங்கி, அமைப்பு ஏற்கெனவே தெரிந்த அந்தப் பொருளில் எல்லாச் சோதனைகளையும் ஒரு முறை செய்து பாருங்கள். தெரிந்த விடை வராவிட்டால் பிழை உங்கள் கையில் என்று தெளிவாகத் தெரியும். தெரியாத கிருமியில் தொடங்கினால், பிழை கையிலா கிருமியிலா என்று மாதக்கணக்கில் குழம்புவீர்கள்.

வளர்ப்பும் அறுவடையும்

எல்.பி. திரவ ஊடகத்தில் 5 லிட்டர், 37 டிகிரியில் நன்றாகக் குலுக்கி 16 முதல் 18 மணி நேரம். அறுவடைக்கு முன் ஃபீனாலை 1 சதவீதம் வரும்படி சேர்த்துச் சில மணி நேரம் விட்டு, ஒரு தட்டில் பரப்பி எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே சென்ட்ரிஃபியூஜுக்குக் கொண்டுபோக வேண்டும். 8,000 ஜி-யில் (புவியீர்ப்பின் 8,000 மடங்கு விசையில்) 20 நிமிடம் சுழற்றுங்கள். படிவை உப்புநீரில் இரண்டு முறையாவது கழுவுங்கள்.

கழுவுவதில் சோம்பல் பட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும். ஊடகத்தில் இருக்கும் ஈஸ்ட் சாறு ஈஸ்டின் மேனோஸ் சங்கிலியான மேனனைக் கொண்டுவரும். உங்கள் கிருமியில் இல்லாத மேனோஸ் அறிக்கையில் ஏறிவிடும். அகார் தட்டிலிருந்து சுரண்டி எடுத்தால் கேலக்டோஸ் ஏறும். 5 லிட்டரில் உலர் எடையாக ஏறத்தாழ 5 கிராம் செல் கிடைக்கும். அதில் எல்.பி.எஸ். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. ஆக 100 முதல் 150 மி.கி. கையில் வந்தால் நல்ல அறுவடை. அதிலிருந்து கடைசியில் கிடைக்கும் தூய ஓ-பாலிசாக்கரைடு 30 மி.கி. அளவில் இருக்கும். முழு வேலைக்கு அது போதும், வீணடிக்க மிச்சம் இருக்காது.

சூடான ஃபீனால்

வெஸ்ட்ஃபாலும் அவருடைய குழுவினரும் 1952இல் வெளியிட்ட ஃபீனால்-நீர் முறை இன்றும் முதல் தேர்வு. 5 கிராம் உலர்ந்த செல்லை 90 மி.லி. நீரில் கலக்கி 65 முதல் 68 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். அதே சூட்டில் இருக்கும் 90 சதவீத ஃபீனால் 90 மி.லி.யைச் சேர்த்து 15 நிமிடம் விடாமல் கலக்குங்கள். இந்தச் சூட்டில் நீரும் ஃபீனாலும் ஒன்றாகிவிடும். பனிக்கட்டியில் வைத்து 10 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்ச் சுழற்றினால் மறுபடி பிரியும்: மேலே நீர், கீழே ஃபீனால், இடையில் வெள்ளையாகப் புரதம். மேல் நீரை எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியில் புதிதாக 90 மி.லி. நீர் ஊற்றி மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.

ஃபீனால் விஷயத்தில் வீரம் காட்ட வேண்டாம். தோலில் பட்டால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும். எரிச்சலே தெரியாமல் உள்ளே தின்னும். மெல்லிய நைட்ரைல் கையுறை சூடான ஃபீனாலைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது, பியூட்டைல் அல்லது நியோபிரீன் கையுறை வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 ஒரு போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பட்ட இடத்தை அதில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். வேலை முழுதும் புகைக்கூண்டுக்குள். கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி அதைத் தனிக் கலனில் பெயரெழுதிச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

புதியவர் செய்யும் பெரிய தவறு, கீழே இருக்கும் ஃபீனால் அடுக்கைக் கழிவுக் கலனில் கொட்டிவிடுவது. டிஆக்ஸி சர்க்கரைகளும் அசிட்டைல், மெத்தில் ஒட்டுகளும் நிறைந்த சங்கிலிகள் நீரைவிட ஃபீனாலையே விரும்பும். நீர் அடுக்கில் எதுவும் இல்லையென்றால் உங்கள் எல்.பி.எஸ். கீழே இருக்கிறது. அடுக்குகளைப் பிரிக்காமலே மொத்தத்தையும் டயாலிசிஸ் செய்வது (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுக்குழாயில் கட்டி நீரில் வைப்பது) இன்னும் பாதுகாப்பு. மாஸ்கோவின் செலின்ஸ்கி நிலையத்து வேதியியலாளர்கள் நூற்றுக்கணக்கான அமைப்புகளைக் கண்டது அப்படித்தான். டயாலிசிஸ் முடிந்ததும், குளிரில் வைத்த 50 சதவீத ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச். 2-க்குக் கொண்டுவந்தால் புரதமும் நியூக்ளிக் அமிலமும் படியும். உடனே சுழற்றி, மேல்நீரை மறுபடி டயாலிசிஸுக்கு ஏற்றிவிடுங்கள். அமிலத்தில் ஊறவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

டயாலிசிஸில் நம் ஊர் வெப்பம் ஒரு சிக்கல். 12 முதல் 14 ஆயிரம் டால்டன் தடுக்கும் குழாயில் மூன்று நாள் என்று கையேடு சொல்லும். அதை எழுதியவருடைய குழாய்த்தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். இங்கே தண்ணீர் 28, 30 டிகிரியில் வருகிறது. ஃபீனால் வெளியேறியதும் குழாய்க்குள் பூஞ்சை வந்து உங்கள் சர்க்கரையைச் சாப்பிட ஆரம்பிக்கும். முதல் நாள் ஃபீனால் நெடி போகும்வரை ஓடும் தண்ணீரில் வையுங்கள். அதற்குப் பிறகு 4 டிகிரி அறையில் அயனி நீக்கிய நீரில், நாளுக்கு இரண்டு முறை மாற்றி. குழாய்த்தண்ணீரிலேயே முடித்துவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் எல்.பி.எஸ்.ஸின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மாதிரி கரையாமல் கட்டி தட்டும்.

அடுத்து ஆர்.என்.ஏ.ஸ், டி.என்.ஏ.ஸ், கடைசியாகப் புரோட்டினேஸ்-கே. இந்த வரிசையை மாற்றினால் புரோட்டினேஸ் மற்ற இரண்டையும் தின்றுவிடும். பிறகு 1,00,000 ஜி-யில் 4 மணி நேரம் சுழற்றினால் எல்.பி.எஸ். கண்ணாடிபோல் தெளிந்த களியாக அடியில் படியும். கேப்சூலும் (சில கிருமிகள் செல்லுக்கு வெளியே போர்த்தும் இன்னொரு சர்க்கரை உறை) ஆர்.என்.ஏ. துண்டுகளும் மேலே நிற்கும். கேப்சூல்தான் உங்கள் இலக்கு என்றால் மேல்நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

தூய்மை பார்க்க இரண்டு எளிய சோதனைகள். 260 நானோமீட்டரில் உறிஞ்சினால் நியூக்ளிக் அமிலம் மிச்சம். எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றினால் ஏணிப்படி தெரிய வேண்டும். ஒவ்வொரு படியும் ஓர் அலகு கூடிய சங்கிலி. அடியில் ஒரே பட்டை மட்டும் என்றால் அது ஓ-சங்கிலியை இழந்த கரடு வகை. அந்தக் கிருமியில் நீங்கள் தேடுவது இல்லை. திரும்பத் திரும்பத் தட்டு மாற்றி வளர்த்த கிருமிகளில் இது அடிக்கடி நடக்கும். பழைய உறைநிலைச் சேமிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கொழுப்பைக் கழற்றுதல்

எல்.பி.எஸ்.ஸை அப்படியே என்.எம்.ஆரில் வைத்தால் அது திரளாகச் சேர்ந்து நிற்பதால் கோடுகள் கொழகொழவென்று அகலமாக வரும். எனவே லிப்பிட்-ஏ-யை நீக்க வேண்டும். லிப்பிட்-ஏ-யையும் கோரையும் இணைக்கும் கே.டி.ஓ. என்ற சர்க்கரையின் பிணைப்பு மெல்லிய அமிலத்துக்கே உடையும். 100 மி.கி. எல்.பி.எஸ்.ஸை 10 மி.லி. 2 சதவீத அசெட்டிக் அமிலத்தில், 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெள்ளையாகத் திரிந்து படிவது லிப்பிட்-ஏ. 13,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றித் தெளிந்த நீரை உலர்த்துங்கள்.

ஆனால் இதே அமிலம் வேறு சிலவற்றையும் உடைக்கும். ஈ. கோலை ஓ111இன் அலகில் ஐந்து சர்க்கரை. அதில் இரண்டு கிளையாகத் தொங்கும் கோலிட்டோஸ். மேற்சொன்ன சூட்டில் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மூன்று சர்க்கரை அலகைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மகிழ்வீர்கள். சியாலிக் அமிலம், சில ஐந்தணு வளையச் சர்க்கரைகள், பாஸ்போடைஎஸ்டர் இணைப்புகள் ஆகியவையும் இப்படித்தான். ஆகவே, மொத்தத்தையும் வேகவைக்காமல் 5 மி.கி. எடுத்துச் சோதியுங்கள். கழன்ற சின்னச் சர்க்கரை ஏதாவது தெரிந்தால் பி.எச். 4.5 சோடியம் அசிட்டேட்டுக்கு மாறுங்கள்.

இன்னொரு வழி காரம். ஹைட்ரசீனோ 12 சதவீத அமோனியாவோ கொழுப்பு அமிலங்களைக் கழற்றி, சங்கிலியை உடைக்காமல் கரையவைக்கும். அதற்கு விலை உண்டு: ஆக்சிஜன் மேல் இருக்கும் அசிட்டைல் எல்லாம் போய்விடும். அது சிறிய இழப்பு இல்லை. டைஃபாய்டு கிருமியின் வி-ஐ கேப்சூலில் அசிட்டைலை நீக்கினால் தடுப்பூசியாக அதன் பலனே போய்விடுகிறது. சூடோமாலிக்கும் குதிரைக் கிளாண்டர்ஸ் கிருமியான மாலிக்கும் ஓ-சங்கிலியின் முதுகெலும்பு ஒன்றுதான், குளுக்கோஸும் 6-டிஆக்ஸி-டாலோஸும். மாலியில் டாலோஸின் 4ஆம் இடத்து அசிட்டைல் இல்லை. இரண்டையும் பிரித்தறியும் ஆன்டிபாடிகள் பார்ப்பது அதைத்தான். எனவே காரம் தொடுவதற்கு முன் கட்டாயம் ஒரு புரோட்டான் என்.எம்.ஆர். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த கலவையை செஃபடெக்ஸ் ஜி-50 நிரப்பிய கம்பத்தில் ஏற்றுங்கள். 2.6 செ.மீ. அகலம், 60 செ.மீ. அளவு உயரம், பி.எச். 4.5 பிரிடின்-அசிட்டேட் பஃபர். முதலில் வருவது ஓ-பாலிசாக்கரைடு, அடுத்து கோர், கடைசியில் கே.டி.ஓ.வும் உப்பும். ஃபீனால்-கந்தக அமிலச் சோதனையை மட்டும் நம்பி எந்தக் குழாயில் சர்க்கரை என்று முடிவெடுக்காதீர்கள். அமினோ சர்க்கரைகளுக்கு அது நிறம் தராது; சூடோமோனாஸின் பல ஓ-சங்கிலிகள் பெரும்பாலும் அமினோ சர்க்கரைகளே. ஒளிவிலகல் கண்டறியி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

உறையவைத்து உலர்த்தியதும் பஞ்சு போன்ற வெள்ளைப் பொருள் கிடைக்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனால் திரும்பி வரும்போது கூலா மலாக்கா வெல்லம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் காற்றின் ஈரத்தை அது அவ்வளவு வேகமாகக் குடிக்கும். எடை பார்ப்பதெல்லாம் உலர்த்தியிலிருந்து எடுத்த கையோடு.

வேதியியல் சாட்சிகள்

இரண்டு மி.கி. எடுத்து 2 மோலார் ட்ரைஃபுளூரோ அசெட்டிக் அமிலத்தில் 120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துத் தனிச்சர்க்கரைகளாக உடையுங்கள். சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி, அசெட்டிக் அன்ஹைட்ரைடும் பிரிடினும் சேர்த்து அசிட்டைல் ஏற்றி, வாயு நிறவரைவியில் ஓட்டுங்கள். மயோ-இனோசிடால் தெரிந்த அளவு சேர்த்தால் விகிதம் கணக்கிடலாம். யுரோனிக் அமிலம் இதில் தெரியவே தெரியாது. அதற்கு மெத்தனாலிசிஸ் (அமிலம் கலந்த மெத்தனாலில் உடைப்பது) செய்ய வேண்டும். அமினோ சர்க்கரை எப்போதும் குறைவாகக் காட்டும், ஏனென்றால் நைட்ரஜன் அருகிலுள்ள பிணைப்பு அமிலத்துக்கு எளிதில் இணங்காது. ரைபோஸ் வந்தால் முதலில் ஆர்.என்.ஏ.வைச் சந்தேகியுங்கள். குளுக்கோஸ் வந்தால் கிளைக்கோஜன், டயாலிசிஸ் குழாய், மேசைத்துடைப்பான் என்று பல பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம்.

டி-யா எல்-லா என்பதற்கு (ஆர்)-2-ஆக்டனாலோடு இணைத்து, அசிட்டைல் ஏற்றி, தக்கவைப்பு நேரத்தை ஒப்பிட வேண்டும். எல்-சர்க்கரை ஸ்டாண்டர்டு அலமாரியில் இல்லையா? டி-சர்க்கரையை (எஸ்)-2-ஆக்டனாலோடு இணைத்தால் போதும். சாதாரணக் கம்பத்தில் அது எல்-சர்க்கரையும் (ஆர்)-ஆக்டனாலும் சேர்ந்ததன் இடத்திலேயே வரும். "ராம்னோஸ் என்றால் எல்-தானே" என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் டி-ராம்னோஸ் மட்டுமே கொண்ட சங்கிலி ஒன்று உண்டு.

மெத்திலேற்றம் பிணைப்பின் இடத்தைச் சொல்லும். சுதந்திரமாக இருக்கும் ஹைட்ராக்சில்களில் எல்லாம் மெத்திலை ஏற்றிவிட்டு, பிறகு சங்கிலியை உடைத்து, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) கொண்ட போரோஹைட்ரைடால் ஒடுக்கி, புதிதாகத் திறந்த இடங்களில் அசிட்டைல் ஏற்றுகிறோம். அசிட்டைல் இருக்குமிடமே பிணைப்பு இருந்த இடம். நிறை வரைவியில் 3ஆம் இடத்தில் பிணைந்த ஹெக்சோஸ் 118, 161, 234 என்ற அயனிகளைத் தரும். 4ஆம் இடத்தில் பிணைந்தது 118, 162, 233 தரும். டியூட்டீரியம் 1ஆம் கார்பனை அடையாளம் காட்டுவதால்தான் தலையும் வாலும் பிரிகின்றன.

இந்தப் படியில் தோல்விக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் தண்ணீர். டைமெத்தில் சல்ஃபாக்சைடு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்; சோடியம் ஹைட்ராக்சைடு குருணையும் அப்படியே. மாதிரியை ஒரு இரவு பாஸ்பரஸ் பென்டாக்சைடு மேல் உலர்த்துங்கள். புதிதாகத் திறந்த கரைப்பானைப் பயன்படுத்துங்கள். மழை கொட்டும் மாலையில் இதைத் தொடங்காதீர்கள். மெத்தில் அயோடைடு 42 டிகிரியில் கொதிக்கும் நச்சு. குளிரில் வைத்துப் புகைக்கூண்டில் மட்டும் திறக்க வேண்டும். மெத்தில் அரைகுறையாக ஏறினால், இல்லாத கிளைகள் இருப்பதுபோல் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு: சங்கிலி நீளமானால், முனையில் நிற்கும் சர்க்கரைகளின் எண்ணிக்கையும் கிளைபிரியும் சர்க்கரைகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். முனையே இல்லாமல் கிளை மட்டும் இருந்தால் அது மெத்திலேற்றப் பிழை.

என்.எம்.ஆர்.

ஐந்து முதல் பத்து மி.கி. மாதிரியைக் கனநீரில் கரைத்து உலர்த்துவதை இரண்டு முறை செய்து, பிறகு 99.95 சதவீதக் கனநீர் 0.55 மி.லி.யில் கரையுங்கள். பிரிடின்-அசிட்டேட்டின் மிச்சம் 1.9 பி.பி.எம். அருகே கூர்மையாக நின்றால் இன்னொரு முறை உலர்த்தலாம். நீரின் கோடு 25 டிகிரியில் 4.77இல் இருக்கும், 60 டிகிரியில் 4.40க்கு நகரும். அனோமெரிக் புரோட்டான்கள் (சர்க்கரையின் 1ஆம் கார்பனில் இருப்பவை) நிற்கும் இடமும் அதுவே என்பதால், குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் எடுத்தால்தான் நீருக்கு அடியில் மறைந்தது வெளியே வரும்.

முதலில் எண்ணுங்கள். 4.4 முதல் 5.5 வரை எத்தனை அனோமெரிக் கோடு? 1.1 முதல் 1.4 வரை எத்தனை மெத்தில்? அது 6-டிஆக்ஸி சர்க்கரை. 1.9 முதல் 2.1 வரை நைட்ரஜன் மேல் அசிட்டைல், 2.1 முதல் 2.2 வரை ஆக்சிஜன் மேல் அசிட்டைல். கார்பன் பக்கம் 95 முதல் 110 வரை அனோமெரிக். 107ஐத் தாண்டினால் ஐந்தணு வளையத்தைச் சந்தேகியுங்கள். 48 முதல் 58 வரை நைட்ரஜன் தாங்கிய கார்பன்.

குளுக்கோஸ், கேலக்டோஸ் வகைகளில் எச்-1, எச்-2 (1ஆம், 2ஆம் கார்பன்களின் புரோட்டான்கள்) இணைப்பால் கோடு பிளக்கும் அளவு 3 முதல் 4 ஹெர்ட்ஸ் என்றால் ஆல்ஃபா, 7 முதல் 8 என்றால் பீட்டா. மேனோஸ், ராம்னோஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது. இரண்டிலும் 2 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அங்கே கார்பன்-புரோட்டான் நேரடி இணைப்பை அளக்க வேண்டும்: 170 ஹெர்ட்ஸ் அளவில் ஆல்ஃபா, 160 அளவில் பீட்டா.

பிறகு இருபரிமாண நிறமாலைகள்: காஸி (அடுத்தடுத்த புரோட்டான்கள்), டாக்ஸி (ஒரே வளையத்தின் புரோட்டான்கள்), ரோஸி (இடத்தால் நெருங்கிய புரோட்டான்கள்), எச்.எஸ்.க்யூ.சி. (புரோட்டானும் அது நிற்கும் கார்பனும்), எச்.எம்.பி.சி. (இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியுள்ள புரோட்டானும் கார்பனும்). அனோமெரிக் கோட்டில் நின்றுகொண்டு டாக்ஸியில் வளையத்தைச் சுற்றி நடப்பதுதான் வேலை. கேலக்டோஸில் எச்-4ஓடு பாதை நின்றுவிடும், ஏனென்றால் எச்-4, எச்-5 இணைப்பு மிகச் சிறியது. ரோஸியில் குதித்துத் தாண்ட வேண்டும். மேனோஸ் வகையில் எச்-1இலிருந்து எச்-2ஓடு நின்றுவிடும். எச்-2இலிருந்து மறுபடி தொடங்குங்கள். பாதை எங்கே அறுகிறது என்பதே அது என்ன சர்க்கரை என்று காட்டிக்கொடுக்கும்.

பிணைந்த கார்பன், பிணையாத நிலையைவிட 4 முதல் 10 பி.பி.எம். கீழ்ப்புலத்துக்கு (எண் கூடும் பக்கம்) நகரும். எந்தச் சர்க்கரை எதனோடு என்பதற்கு எச்.எம்.பி.சி.யே முதன்மைச் சாட்சி. ரோஸி துணைச் சாட்சி மட்டுமே. ஒரு சர்க்கரை கேலக்டோஸின் 3ஆம் இடத்தில் பிணைந்திருந்தாலும், அதன் எச்-1 பக்கத்து எச்-4ஐப் பலமாகத் தொடலாம். அதை மட்டும் நம்பி 4ஆம் இடம் என்று எழுதியவர்கள் உண்டு.

ஒரு எடுத்துக்காட்டு

ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னரி ஒய் வகையின் சங்கிலி கற்றுக்கொள்ள நல்லது. சர்க்கரைச் சோதனையில் ராம்னோஸ் மூன்று, குளுக்கோசமின் ஒன்று. ஆக்டனால் சோதனையில் ராம்னோஸ் எல், குளுக்கோசமின் டி. மெத்திலேற்றத்தில் 2ஆம் இடத்தில் பிணைந்த ராம்னோஸ் இரண்டு பங்கு, 3ஆம் இடத்தில் பிணைந்த ராம்னோஸ் ஒரு பங்கு, 3ஆம் இடத்தில் பிணைந்த குளுக்கோசமின் ஒரு பங்கு. முனை இல்லை, கிளை இல்லை, நேர்ச்சங்கிலி. புரோட்டான் என்.எம்.ஆரில் மூன்று 6-டிஆக்ஸி மெத்தில், ஒரு அசிட்டைல், 4.7 அருகே 8 ஹெர்ட்ஸ் பிளவோடு பீட்டா குளுக்கோசமின்.

இவ்வளவு தெரிந்தும் அமைப்பு முடியவில்லை. 3ஆம் இடத்தில் பிணைந்த அந்த ஒரு ராம்னோஸ் மூன்றில் முதலாவதா, நடுவா, கடைசியா? மூன்று வரிசைகளும் ஒரே மெத்திலேற்ற விடையைத்தான் தரும். எச்.எம்.பி.சி.யில் குளுக்கோசமினின் 3ஆம் கார்பன் (பிணைந்ததால் 82 பி.பி.எம். அளவுக்கு நகர்ந்தது) ஒரு ராம்னோஸின் எச்-1ஐத் தொடுகிறது, அந்த ராம்னோஸைச் சுற்றி நடந்தால் அதுவே 3ஆம் இடத்தில் பிணைந்தது. குளுக்கோசமினின் எச்-1 மறுபக்கத்தில் ஒரு ராம்னோஸின் 2ஆம் கார்பனைத் தொடுகிறது. ஆக: →2)-ஆல்ஃபா-எல்-ராம்னோஸ்-(1→2)-ஆல்ஃபா-எல்-ராம்னோஸ்-(1→3)-ஆல்ஃபா-எல்-ராம்னோஸ்-(1→3)-பீட்டா-டி-என்-அசிட்டைல் குளுக்கோசமின்-(1→. அலகின் நிறை 641: ராம்னோஸ் மூன்று தரம் 146, அசிட்டைல் ஏறிய குளுக்கோசமின் 203. நிறை வரைவியில் 641 இடைவெளியில் கோடுகள் வந்தால் எதுவும் விட்டுப்போகவில்லை.

அலகை எங்கே வெட்டி எழுதுவது என்பது தனிக்கேள்வி. வட்ட மாலையில் எந்தப் பூ முதல் பூ? என்.எம்.ஆருக்கு அது தெரியாது. கிருமி அலகைக் கட்டத் தொடங்கும் சர்க்கரை, ஈ. கோலை, ஷிகெல்லா அடங்கிய என்டரோபாக்டீரியா குடும்பத்தில் பெரும்பாலும் அசிட்டைல் ஏறிய குளுக்கோசமின் அல்லது கேலக்டோசமின், வலது முனையில் வரும்படி எழுதுவது மரபு.

மரபணுவோடு ஒப்பிடுதல்

இப்போது மரபணு வரிசை எடுப்பது எளிது. ஈ. கோலையில் ஓ-சங்கிலி மரபணுத் தொகுதி கேல்-எஃப், ஜி.என்.டி. என்ற இரண்டு மரபணுக்களுக்கு இடையே நிற்கும். அங்கே ஆர்.எம்.எல். மரபணுக்கள் நான்கும் இருந்தால் எல்-ராம்னோஸுக்குத் துணைச் சாட்சி. க்ளெப்சியெல்லா என்றால் கேப்டிவ் என்ற மென்பொருள் வகையை ஊகித்துச் சொல்லும். ஆனால் மரபணு பிணைப்பின் இடத்தைச் சொல்லாது. ஷிகெல்லாவில் ஒய் வகையின் மேல் குளுக்கோஸும் அசிட்டைலும் ஏற்றி வேறு வகைகளாக மாற்றும் மரபணுக்கள் இந்தத் தொகுதிக்கு வெளியே, பாக்டீரியாவைத் தொற்றும் பேஜ் வைரஸ் கொண்டுவந்த துண்டுகளில் இருக்கின்றன. தொகுதியை மட்டும் பார்த்தால் அவை கண்ணில் படாது.

எழுதி அனுப்புவதற்கு முன், கண்ட அமைப்பை செலின்ஸ்கி நிலையத்துச் சர்க்கரைத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் கேஸ்பர் மென்பொருளில் அமைப்பை உள்ளிட்டு, அது கணித்துத் தரும் கார்பன் மதிப்புகளை உங்களுடையவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு கார்பன் மட்டும் 2 பி.பி.எம்.க்கு மேல் தள்ளி நின்றால் அதன் அருகிலுள்ள டி, எல் அல்லது ஆல்ஃபா, பீட்டா தீர்ப்பை மறுபடி பாருங்கள்.

என்டரோபாக்டீரியாவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதிய அமைப்பு என்று வந்தது அசிட்டைல் ஏறிய குளுக்கோசமின், மேனோசமின் யுரோனிக் அமிலம், 4-அமினோ ஃபியூகோஸ் மூன்றும் சேர்ந்த அலகாக இருந்தால், அது அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஆன்டிஜென். 5.4 பி.பி.எம். அருகே தனியாக நிற்கும் பெரிய கோடு கிளைக்கோஜன். அமைலேஸ் போட்டு, மறுபடி டயாலிசிஸ் செய்து நீக்கலாம். மிச்சமிருக்கும் மாதிரியில் 2 மி.கி.யாவது காரமும் அமிலமும் படாமல், மூடி இறுக்கி, சிலிக்கா ஜெல் பையோடு மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் அசிட்டைலின் இடத்தைக் கேட்டு எழுதும்போது அது தேவைப்படும்.